கடன் நிவாரணம் ஆகாது: மைசூருவின் குடும்பத் தொழில்கள் சொல்லும் கணக்கு

2021 ஜூன் 28 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பெருந்தொற்றால் பாதிக்கப்பட்ட துறைகளுக்கென மேலும் ஒரு தொகுப்பை அறிவித்தார். அதில் தொழில் நடத்துவோருக்கு இருந்தவை இவை: சுற்றுலா முகமைகளுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வரையிலும், பதிவுபெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் வரையிலும் கடன். நுண்கடன் நிறுவனங்கள் வழியாக 25 லட்சம் பேருக்குத் தலா 1.25 லட்சம் ரூபாய் வரை கடன். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் வரம்பு 3 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 4.5 லட்சம் கோடி ரூபாயாக உயர்வு. இவற்றோடு, முதலில் வரும் 5 லட்சம் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு இலவச விசா. வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்தோ அப்போதும் நிறுத்தப்பட்டே இருந்தது!

ஜூலை 2 அன்று மற்றோர் அறிவிப்பு வந்தது. சில்லறை, மொத்த வணிகங்களும் இனி சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் பட்டியலில் சேர்க்கப்படும் என்றார்கள். 2017இல் அந்தப் பட்டியலிலிருந்து வணிகர்களை வெளியேற்றியதும் இதே அரசுதான். இப்போது திரும்பச் சேர்த்தது எதற்காக? முன்னுரிமைத் துறைக் கடன் பெறுவதற்கு மட்டும். ஆகக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவுக்கு அப்பால் இருப்பதும் கடன்தான்.

இந்த அறிவிப்புகள் வந்த நாட்களில் மைசூரு எப்படி இருந்தது? ஜூன் 21 அன்று கர்நாடகத்தின் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் ஏதோ ஓர் அளவில் தளர்வு கிடைத்தபோது, தொற்று விகிதம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததால் மைசூரு மாவட்டம் மட்டும் கடும் கட்டுப்பாட்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூலை 5 முதல் மாநில அளவிலான தளர்வுகள் வந்த பிறகே கடைவீதிகளுக்கு ஓரளவு உயிர் திரும்பியது. கதவைத் திறந்து பலகாரத் தட்டைக் கழுவி வைக்கும் குடும்பங்கள் எதை இழந்தபின் திறக்கின்றன என்பதை நாம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் ஒன்றிய அரசின் கொள்கை என்ன என்பதும், நம்முடைய வேலை என்ன என்பதும் அடங்கியிருக்கின்றன.

பயணியை நம்பிய நகரம்

மைசூரு பெருந்தொழில்களால் மட்டும் வாழும் நகரமல்ல. அரண்மனை, உயிரியல் பூங்கா, சாமுண்டி மலை ஆகியவற்றைக் காண வருவோரை நம்பி ஒரு நீண்ட சங்கிலி இங்கே இருக்கிறது. விடுதி, மெஸ், டாங்கா வண்டி, வாடகைக் கார், தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடையும் குங்குமக் கடையும், ஊதுபத்தி, சந்தனப் பொருட்கள், மரத்தில் பதிவேலை செய்யும் கைவினைக் கூடங்கள் என அது நீளும். கோகுலம் பகுதியில் யோகம் பயில வரும் வெளிநாட்டவருக்கு அறை வாடகைக்கு விட்டும், காலை உணவு சமைத்துக் கொடுத்தும் வாழும் குடும்பங்கள் உண்டு. ஹெப்பாள் பக்கம் மென்பொருள் நிறுவனப் பயிற்சி வளாகத்தை ஒட்டி விடுதியும் மெஸ்ஸும் நடத்துவோர் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை குடும்பமே முதலாளியாகவும் குடும்பமே தொழிலாளியாகவும் இருக்கும் தொழில்கள்.

2020 மார்ச்சில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரே நேரத்தில் அறுந்தது. பன்னாட்டு விமானங்கள் நின்றன. மென்பொருள் ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யப் போனார்கள். மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு மூடப்படும் என்றார். நான்கு மணி நேர அவகாசம். நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையை மையமாகக் கொண்டு தொற்று பரவியதால், மைசூரு மாவட்டம் மே மாதத் தொடக்கத்தில் சிவப்பு மண்டலமாக இருந்தது. மற்ற ஊர்களைவிட இங்கே கதவு திறக்கத் தாமதமானது.

ஆண்டு முழுவதும் ஏற்படும் பற்றாக்குறையைத் தசராவில் சரிக்கட்டிவிடலாம் என்பது மைசூரு கடைக்காரரின் பழைய நம்பிக்கை. 2020 அக்டோபர் 26 அன்று ஜம்பு சவாரி அரண்மனை வளாகத்துக்குள்ளேயே, சுமார் 300 பேர் முன்னிலையில் நடந்து முடிந்தது. பன்னிமண்டபம் வரை சாலையின் இருபுறமும் லட்சக்கணக்கானோர் நிற்கும் நாள் அது. தொற்றுக் காலத்தில் கூட்டத்தைத் தவிர்த்தது சரியே; அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. பொதுச் சுகாதாரத்துக்காகக் கடையை மூடச் சொல்லும் அரசு, மூடிய கடையின் சுமையை யார் ஏற்பது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

ஒரு மெஸ்ஸின் கணக்கு

காந்தி சதுக்கத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கும் ஒரு சிறு மெஸ்ஸைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மூத்த மகன், கணவனின் தாய் என நால்வர் உழைக்கிறார்கள். பாத்திரம் கழுவவும் பரிமாறவும் கூலிக்கு இருவர். கடை வாடகை மாதம் 18,000 ரூபாய். கட்டட உரிமையாளரிடம் கொடுத்து வைத்துள்ள அட்வான்ஸ் 2 லட்சம் ரூபாய். பணியாளர் இருவருக்கும் தலா 10,000 ரூபாய் சம்பளம்.

முதல் அலையில் ஏறத்தாழ இரண்டரை மாதம், இரண்டாம் அலையில் இரண்டு மாதத்துக்கு மேல் என மொத்தம் ஐந்து மாதம் மெஸ்ஸில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று கொள்வோம். வாடகை 90,000 ரூபாய். பணியாளரின் சம்பளம் 1,00,000 ரூபாய். மொத்தம் 1,90,000. அதாவது, கட்டட உரிமையாளரிடம் உள்ள அட்வான்ஸ் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிட்டது. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த ஒரே மூலதனம் அதுதான். குடும்பத்தின் சாப்பாடு, மருத்துவம், பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகிய எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. பார்சல் விற்பனையில் கிடைத்தது அரிசிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போதுமானதாக இருந்திருந்தால் அதுவே பெரிது.

சம்பளம் கொடுக்காமல் இருந்தால் 1 லட்சம் மிச்சமாகும். ஆனால் இரண்டு தொழிலாளிக் குடும்பங்கள் பட்டினி கிடக்கும். இப்படி ஒரு தேர்வின் முன் அந்தக் குடும்பத்தை நிறுத்தியது யார்?

2020 மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் வழங்க வேண்டும் என்று எல்லா வேலையளிப்பவர்களுக்கும் உத்தரவிட்டது. உத்தரவு நியாயமானது. அதற்கான பணத்தில் ஒரு ரூபாயைக்கூட அரசு ஏற்கவில்லை. பெரிய நிறுவனங்கள் உச்சநீதிமன்றத்துக்குப் போயின. மே 17 அன்று அரசே உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஜூன் 12 அன்று நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. வழக்குரைஞர் வைக்கத் தெரிந்தவர்கள் தப்பினார்கள். பாத்திரம் கழுவும் தொழிலாளியும் மெஸ் நடத்தும் குடும்பமும் அடுப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யாருக்குக் கிடைத்தது?

2020 மே மாதம் 20 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு என்று முழங்கினார்களே, அது இந்த மெஸ்ஸுக்கு என்ன கொடுத்தது? அதன் மணிமகுடமாகச் சொல்லப்பட்டது அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காட்டைப் புதிய கடனாகப் பெற முடிந்தது. அரசு அதற்கு முழு உத்தரவாதம் தந்தது. 25 கோடி ரூபாய் நிலுவை உள்ள நிறுவனத்துக்கு 5 கோடி கிடைக்கும். 1 லட்சம் ரூபாய் நிலுவை உள்ள மெஸ்ஸுக்கு 20,000 கிடைக்கும். ஒரு மாத வாடகையைக் கொடுத்தால் 2,000 மிஞ்சும். வங்கிக் கடனே இல்லாமல், கைமாற்றிலும் சீட்டுப் பணத்திலும் நடக்கும் கடைக்கு எதுவும் கிடையாது. ஏற்கெனவே கடன்பட்டவருக்கு மேலும் கடன். வங்கி இதுவரை தீண்டாதவருக்கு இப்போதும் தீண்டாமை.

தவணை ஒத்திவைப்பும் அவ்வாறே. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை நிறுத்திவைக்கலாம் என்றார்கள், வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி போடுவதைக்கூட உச்சநீதிமன்றத்தில் வழக்கு நடந்தபின்தான் அரசு கைவிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி செய்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நகைக்கடனில், நகையின் மதிப்பில் 75 விழுக்காடு வரை மட்டுமே கடன் தரலாம் என்ற வரம்பு, 2021 மார்ச் 31 வரை 90 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வேறு வழியே இல்லாத குடும்பத்துக்கு இது அவசர உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இதன் பொருள் என்ன? நாட்டின் நிதிக்கொள்கை கடைசியில் வந்து நின்ற இடம், பெண்களின் கழுத்து. அரசு கருவூலத்தைத் திறப்பதற்குப் பதிலாக அவர்களுடைய தாலிச் சங்கிலியை இன்னும் கொஞ்சம் கூடுதல் தொகைக்கு அடகு வைக்க வழிசெய்தது. 90 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கினால், விலை சற்று இறங்கினாலும் வட்டி சற்று ஏறினாலும் நகை ஏலத்துக்குப் போகும்.

மாநிலத்தில் எடியூரப்பா அரசும் தொகுப்புகள் அறிவித்தது. 2020 மே 6 அன்று அறிவித்த 1,610 கோடி ரூபாய்த் தொகுப்பில் முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், ஆட்டோ–டாக்சி ஓட்டுநர் ஆகியோருக்கு 5,000 ரூபாய் ஒருமுறை உதவி இருந்தது. 2021 மே 19 அன்று அறிவித்த 1,250 கோடி ரூபாய்த் தொகுப்பில் ஓட்டுநருக்கு 3,000, முடிதிருத்துவோர், தையற்காரர், தெருவோர வியாபாரிகளுக்கு 2,000. இரண்டாம் அலை முதல் அலையைவிடக் கொடியதாக இருந்தது; உதவித்தொகை மட்டும் குறைந்தது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறிதாயினும் இது பணம், கடன் அல்ல. பணமாகக் கொடுக்கவே முடியாது என்ற வாதத்தை அன்றைய பா.ஜ.க. மாநில அரசே உடைத்தது.

முதலாளித்துவ ஜெர்மனி, 2020 வசந்தத்திலேயே ஐந்து ஊழியர் வரை உள்ள தொழில்களுக்கு மூன்று மாதச் செலவுக்காக 9,000 யூரோ வரை மானியமாக வழங்கியது. நாடு தழுவிய ஊரடங்குக்கு ஐந்து நாட்கள் முன்னரே, மார்ச் 19 அன்று, கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 20,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அதில் 2,000 கோடி குடும்பஸ்ரீ வழியாக எளிய குடும்பங்களுக்கான கடன். அதுவும் கடன்தானே என்று கேட்கலாம். ஆனால் அதனுடன் இலவச அரிசியும் முன்கூட்டிய ஓய்வூதியமும் வந்தன. கடனும் அடகுக்கடை வழியே வராமல் பெண்களின் சொந்த அமைப்பு வழியே வந்தது. மாநிலங்களின் கையில் இருக்கும் குறுகிய நிதிக்குள் அவ்வளவு செய்ய முடிந்தது என்றால், நாணயம் அச்சிடும் அதிகாரம் கொண்ட ஒன்றிய அரசால் எவ்வளவு செய்திருக்க முடியும்!

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019 செப்டம்பர் 20 அன்று, தொற்று வருவதற்கு ஆறு மாதம் முன்பு, நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் கைவிடப்படுவதாக அரசே சொன்னது. ஊரடங்கின் நடுவே, 2020 ஏப்ரல் 22 அன்று, பேஸ்புக் நிறுவனம் ஜியோ தளத்தில் 43,574 கோடி ரூபாய் முதலீடு செய்வதாக அறிவித்தது. அக்கம்பக்க மளிகைக் கடைகளை வாட்ஸ்அப் வழியாக ஜியோமார்ட்டுடன் இணைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த நேரத்தில், அவருடைய கடைக்கு வெளியே புதிய உரிமையாளர்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள்

குடும்பத் தொழில்கள் எப்படியோ தாக்குப் பிடித்துவிட்டன என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். ‘சுயசார்பு’ என்ற பட்டமும் சூட்டுகிறார்கள். எப்படித் தாக்குப் பிடித்தன என்பதை மட்டும் கேட்பதில்லை.

கூலிக்கு இருந்த இருவர் போனபின் அந்தப் பாத்திரங்களை யார் கழுவினார்கள்? மனைவியும் மாமியாரும். ஊதியம் இல்லாத அந்த உழைப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் நட்டமாகப் பதிவதில்லை. மைசூருவின் பேர்பெற்ற ஊதுபத்தியைப் பாருங்கள்: புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. மூங்கில் குச்சியில் கரித்தூளையும் மரப்பட்டைப் பசைத்தூளையும் குழைத்து உருட்டும் வேலை பெருமளவு வீட்டுத் தரையில் உட்கார்ந்து பெண்கள் செய்வது. கூலி ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று. 2020 ஜூனில் இறக்குமதி மூங்கில் குச்சியின் சுங்கவரி 10 விழுக்காட்டிலிருந்து 25 ஆக உயர்த்தப்பட்டது. உள்நாட்டு மூங்கில் உற்பத்தியைப் பெருக்குவது நல்ல நோக்கமே. ஆனால் மூலப்பொருள் விலை ஏறும்போது சிறு கூடம் எங்கே கை வைக்கும்? ஆயிரத்துக்கான கூலியில்தான். பள்ளி மூடிக்கிடந்த நாட்களில் பிள்ளைகளும் அதே தரையில் உட்கார்ந்தால், குடும்பம் ‘தாக்குப் பிடித்தது’ என்பதன் பொருள் ஒரு தலைமுறையின் படிப்பாகவும் இருக்கலாம்.

ஆகவே, அரசு ஏற்க வேண்டிய சுமை, குடும்பம் என்ற நான்கு சுவருக்குள் தள்ளப்பட்டது. அங்கே அது பெண்களின் உழைப்பாகவும், அடகு வைத்த நகையாகவும், நின்றுபோன படிப்பாகவும் மாறியது. அந்தச் சுவரின் மீதுதான் ‘சுயசார்பு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாம் எந்தப் பக்கம்?

தோழர்கள் சிலரிடம் ஒரு தயக்கம் உண்டு. கடைக்காரர் சிறு முதலாளிதானே. அவரும் கடைப் பையனின் உழைப்பைச் சுரண்டுபவர்தானே. அவருக்காக நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அது. இதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. சிறு கடைகளில் குறைந்தபட்சக் கூலி இல்லை, வார விடுமுறை இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை என்பது உண்மை. ஊரடங்கில் முதலில் வெளியேற்றப்பட்டவர் அந்தத் தொழிலாளிதான் என்பதும் உண்மை.

ஆனால் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் 73ஆம் சுற்று (2015–16) கணக்குப்படி, நாட்டில் உள்ள 6.34 கோடி சிறு, குறு, நடுத்தரத் தொழில்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் குறுந்தொழில்கள். வேளாண்மை சாராத முறைசாராத் தொழில்களில் ஏறத்தாழ 84 விழுக்காடு, கூலிக்கு நிரந்தரமாக ஒருவரையும் வைத்துக்கொள்ளாதவை. அதாவது ‘உரிமையாளர்’ என்று பதிவானவர்களில் மிகப் பெரும்பாலோர் தம்மையும் தம் வீட்டாரையும் தவிர வேறு யாருடைய உழைப்பையும் வாங்காதவர்கள். சிறு வணிகரும் கைவினைஞரும் பெருமூலதனத்தின் போட்டியில் தோற்றுப் பாட்டாளி வர்க்கத்துக்குள் விழுவார்கள் என்று 1848இலேயே மார்க்சும் எங்கெல்சும் அறிக்கையில் காட்டினார்கள். பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., பெருந்தொற்று என ஐந்தே ஆண்டுகளில் மூன்று அடிகளாக அந்த வீழ்ச்சியை நம் கண் முன்னால் காண்கிறோம்.

விழுகிறவர் தானாக நம் பக்கம் வந்து விழுவார் என்று எண்ணுவது தவறு. வாழ்விழந்த சிறு உடைமையாளரின் கோபத்தை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அவருடைய இழப்புக்குப் பக்கத்துக் கடைக்கார இசுலாமியரோ, வேறு மொழி பேசும் வியாபாரியோதான் காரணம் என்று காதில் ஓதுவதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் தொற்றுக்கே மதச்சாயம் பூசி, இசுலாமிய வியாபாரிகளிடம் காய்கறி வாங்காதீர்கள் என்று நாடெங்கும் பரப்பியதை நாம் மறந்துவிட முடியாது. கன்னடமும் தமிழும் உருதும் ஒரே சந்தில் கேட்கும் மைசூரு போன்ற நகரில் இது நெருப்போடு விளையாடுவது.

இந்த இடத்தில் நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரடங்கில் அரிசியும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தோம். தொழிலாளர்களின் கோரிக்கைக்காகப் போராடினோம். ஆனால் வாடகை கொடுக்க முடியாத மெஸ்காரரையும், வேலை இழந்த அவருடைய பணியாளரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்துப் பேசினோமா? பெரும்பாலான ஊர்களில் இல்லை. வணிகர் சங்கங்கள் பெரிய கடைக்காரர் கையில் இருக்கின்றன. அவர்கள் வரிச்சலுகை கேட்கிறார்கள், தொழிலாளியின் பெயரைச் சொல்வதில்லை. நாம் தொழிலாளியின் பெயரைச் சொல்கிறோம், சந்தில் இருக்கும் சிறு கடையின் வாடகையைப் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசும் குரல் நம்முடையதாகத்தான் இருக்க முடியும்.

கோரிக்கைகள்

வருமான வரி செலுத்தாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 7,500 ரூபாய் நேரடி உதவி என்று மத்தியத் தொழிற்சங்கங்கள் எழுப்பிய கோரிக்கை, குடும்பத் தொழில் நடத்துவோருக்கும் உரியது என்பதைக் கடைவீதிகளில் விளக்க வேண்டும். கடை மூடிய மாதங்களுக்கு மாநகராட்சிக் கடைகளின் வாடகையையும், எல்லாச் சிறு கடைகளின் மின்சார நிலைக்கட்டணத்தையும் முழுமையாகத் தள்ளுபடி செய்ய வேண்டும். தனியார் கட்டட வாடகையில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். நுண்கடன், நகைக்கடன் உட்பட எல்லாச் சிறு கடன்களுக்கும் ஊரடங்கு மாதங்களின் வட்டியை ரத்து செய்யவும், நகை ஏலங்களை நிறுத்தவும் வலியுறுத்த வேண்டும். ஊதுபத்தி உருட்டும் பெண்களுக்குக் கூட்டுறவு வழியாக நியாய விலையில் மூலப்பொருளும், ஆயிரத்துக்கான குறைந்தபட்சக் கூலியும் வேண்டும்.

இவற்றுள் முதன்மையானது ஒன்று உண்டு. ஐந்துக்குக் குறைவான தொழிலாளர் உள்ள நிறுவனங்களில், அரசு உத்தரவால் கடை மூடப்படும் காலத்துக்கான கூலியை அரசே தொழிலாளியின் கணக்கில் நேரடியாகச் செலுத்த வேண்டும். இது தொழிலாளியின் கோரிக்கை. கடைக்காரரின் கோரிக்கையும் இதுவே. அடுப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்ற அந்த இருவரையும் ஒரே திசையில் திருப்பி நிறுத்தும் கோரிக்கை இது. கோவையில் ஜாப் ஆர்டர் எடுத்து இரண்டு லேத் ஓட்டும் பட்டறைக்கும், திருப்பூரில் நான்கு தையல் எந்திரம் வைத்திருக்கும் வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மூன்றாம் அலை வரும் என்று 2021இல் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். வந்தால் மீண்டும் கடைகள் மூடப்படலாம் என்ற நிலை இருந்தது. அந்த மெஸ்ஸில் இனிக் கரைப்பதற்கு அட்வான்ஸ் இல்லை. அடகு வைக்க நகையும் இல்லை. அடுத்த பூட்டு விழுவதற்கு முன்பே இந்தக் கோரிக்கைகளோடு கடைவீதிக்குப் போக வேண்டும். தோழர்கள் தம் பகுதியில் பத்துக் கடைகளைத் தேர்ந்தெடுத்து, வாடகை பாக்கி, கடன், அடகு, வேலை இழந்தோர் எனக் கணக்கெடுக்கத் தொடங்கலாம். கடைக்காரரிடம் மட்டுமல்ல, அங்கே வேலை பார்த்தவரிடமும், அடுப்படியில் நிற்கும் பெண்ணிடமும் கேட்டு எழுத வேண்டும். அந்தக் கணக்கே நம் அடுத்த போராட்டத்தின் முதல் துண்டறிக்கையாக இருக்கட்டும்.